ஓய்வு பெற்ற பெரியவர்களும் தோட்டத்துச் சூழலும்

மலேசியாவில் 2013 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த சட்டம், தனியார் துறை ஊழியரின் குறைந்தபட்ச ஓய்வு வயதை 60 என வகுத்தது. பால்வெட்டுக் கத்தியைக் கீழே வைத்ததும் பெரியவர்களின் அறிவும் ஓய்ந்துவிடுகிறது என்று எண்ணுதல் தவறாகும். எந்த மேட்டில் மண் கரையும், எந்த ஓடை முதலில் பெருகும் என்பதை அவர்கள் நன்கறிவர். இவ்வறிவு பெரும்பாலும் ஏட்டில் எழுதப்படாதது. பேரப்பிள்ளைகளுக்கு எடுத்துரைக்காவிடின் அவர்களோடு மறைந்துபோகும். அவர்கள் கற்பிக்கக்கூடிய மூன்று பாடங்களைக் காண்போம்.

1. மங்கும் கொசுவும்

வெட்டு நிறுத்தப்பட்ட மரத்தில் மங்கு நிமிர்ந்திருந்தால் மழைநீர் தேங்கும். அதில் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை பொரித்துக் கொசுவாக 7 முதல் 10 நாள்களே போதும். டிங்கிக் காய்ச்சலைப் பரப்புவது இக்கொசுவே. நீர் வற்றினாலும் முட்டைகள் மங்கின் சுவரில் ஒட்டிக்கொண்டு பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆகவே, மங்கைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தல் வேண்டும். வீட்டு வாளி, பழைய டயர், பூச்சாடித் தட்டு ஆகியவற்றிற்கும் இதுவே விதி.

2. மண்ணும் கொடியும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாத் தோட்டங்கள் பலவற்றில் புல்பூண்டு முழுவதையும் களைந்தனர். கனமழை மேல்மண்ணை அடித்துச் சென்றது. பின்னரே மூடுபயிர்க் கொடிகள் பரவலாயின. பியூரேரியா போன்ற அவரையினக் கொடிகள் மண்ணைப் போர்த்திக் காக்கின்றன. அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்குகின்றன. மறுநடவில் கொடி பரப்பியவர்களும், சரிவுகளில் மண் தேங்கு குழிகள் வெட்டியவர்களும் இதனைப் பிள்ளைகளுக்கு நேரிற் காட்டலாம்.

3. ஓடையும் கரையும்

கரையோர மரமும் புல்லும் மண்ணைப் பிடித்து நிற்கின்றன. அவற்றை அழித்தால் ஓடை சேறாகும். முன்பு அங்கு என்னென்ன மீன்கள் இருந்தன என்பதைப் பெரியவர்களே கூறவல்லர்.

செயல்முறை

வாரம் ஒருமுறை, வெயில் ஏறுமுன், இரண்டு பெரியவர்கள் ஐந்தாறு பிள்ளைகளுடன் நடந்து வரலாம். வெட்டுக்காட்டினுள் செல்லத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி பெறுதல் வேண்டும். பிள்ளைகள் ஒரு நோட்டில் தேதி, மழை, ஓடைநீரின் நிறம், நீர் தேங்கிய இடம் ஆகியவற்றை எழுதுக. நடக்க இயலாத பெரியவர்களிடம் வீட்டு வாசலிலேயே கேட்டு எழுதலாம். பெரியவர் அனுபவத்தைத் தருவார். பிள்ளை பள்ளியில் கற்ற காரணத்தைச் சொல்லும். இருவரும் ஆசிரியர், இருவரும் மாணவர்.

உங்கள் லயத்தில் இப்பணியை ஏற்கத்தக்க பெரியவர் யார்? இவ்வாரமே அவரை அணுகிக் கேளுங்கள்.