அறுபதுக்குப் பின்னும் ஓயாத கைகள்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் அறுபது வயதைக் கடந்த பெண்கள் உழைப்பது புதுமையன்று. நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த பாலராமபுரத்தில் தறிக்கு நூல் சுற்றித் தரும் மூதாட்டியர் உண்டு. நூறு நாள் வேலைக்குச் செல்வோரும் உண்டு. 2005ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயது நிறைவைக் கேட்டதேயன்றி, உச்ச வயது எதையும் வகுக்கவில்லை.

சீனாவில் ஆலைப் பெண்களின் ஓய்வு வயது நெடுங்காலம் 50 ஆக இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் அது படிப்படியாக 55 ஆக உயர்த்தப்படுகிறது. வீட்டிலிருந்து கூலிக்கு உழைக்கும் நம் பெண்ணுக்கோ, ஓய்வு நாளைக் குறித்துத் தர எவருமில்லை. கை அயரும் நாளே அவருக்கு ஓய்வு நாள்.

விரும்பி உழைப்பது பெருமை. மருந்துச் செலவுக்காக உழைப்பது கட்டாயம். இவ்விரண்டில் எது நமக்கு வாய்க்கும் என்பது பெரும்பாலும் நாற்பது வயதுக்குள்ளேயே முடிவாகிவிடுகிறது.

மகள் செய்ய வேண்டியது: அடல் ஓய்வூதியத் திட்டத்தில் 18 முதல் 40 வயது வரை உள்ள, வருமான வரி செலுத்தாத சேமிப்புக் கணக்குதாரர் சேரலாம். 60 வயது முதல் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை ஓய்வூதியம் உறுதி. 5,000 ரூபாய் பெற, 18 வயதில் சேர்பவர் மாதந்தோறும் 210 ரூபாய் செலுத்த வேண்டும். 40 வயதில் சேர்பவருக்கு அதுவே 1,454 ரூபாய். அவ்வளவு இயலாதவர், 40 வயதிலும் 291 ரூபாய் செலுத்தி 1,000 ரூபாய் ஓய்வூதியத்தைத் தேர்ந்தெடுக்கலாம். விலைவாசி உயர்ந்தாலும் இத்தொகை உயராது; ஆதலால் தனிச் சேமிப்பும் தேவை.

தாய் செய்ய வேண்டியது: அவருக்கு அந்த வாயில் அடைபட்டுவிட்டது. எனினும், கூலி அவர் பெயரிலுள்ள கணக்கிலேயே சேரட்டும்; வாரிசு நியமனம் பதிவாகட்டும். 70 வயது வரை, ஆண்டுக்கு 20 ரூபாயில் பிரதமரின் விபத்துக் காப்பீடு பெறலாம். விபத்தில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். வைப்புத்தொகை தொடங்குகையில் மூத்த குடிமக்களுக்குரிய கூடுதல் வட்டியைக் கேட்டுப் பெறுக.

அடுத்த முறை தாயின் கணக்குப் புத்தகத்தைப் பதிய வரும் மகள், தம் வயதையும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். நாற்பது நிறையாதிருப்பின், அன்றே விண்ணப்பிப்பது நன்று.