கொரோனா காலமும் வெளிநாட்டுச் சொந்தங்களும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஆரணிக்குக் கல்யாண ஜவுளி எடுக்க வருகிறவர்களில் மலேசியா, சிங்கப்பூர், கனடா என்று கடல் கடந்து குடியேறிய குடும்பங்களும் உண்டு. 2020-லும் 2021-லும் அந்த வரவு நின்றது. ஏன் நின்றது, யாரை விட்டார்கள், யாரை விடவில்லை என்பது பற்றிக் கடைகளிலும் தறிக்குழி ஓரத்திலும் இன்னும் பல பேச்சுகள் உலவுகின்றன. அவற்றில் அடிக்கடி காதில் விழும் சிலவற்றைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: "வெளிநாட்டுக்காரர் ஒருத்தரையும் உள்ளே விடவில்லை."

உண்மை: இரண்டு தடைகள் அடுத்தடுத்து வந்ததால் இப்படித் தோன்றுகிறது. முதலாவது விசாத் தடை. உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என்று அறிவித்த 2020 மார்ச் 11 அன்றே மத்திய அரசும் விசாக்களை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. அது மார்ச் 13 முதல் நடைமுறைக்கு வந்தது. தூதரக, அலுவல், ஐ.நா. மற்றும் பன்னாட்டு அமைப்பு, வேலை, திட்டப்பணி விசாக்களுக்கு அப்போதே விலக்கு இருந்தது. இரண்டாவது, விமானத் தடை. மார்ச் 22 முதல் வெளிநாட்டுப் பயணிகள் விமானங்கள் தரையிறங்கவில்லை. கையில் செல்லுபடியாகும் விசா வைத்திருந்தவரும் வர வழியில்லாமல் போனது இதனால்தான்.

கதவு படிப்படியாகத் திறந்தது. 2020 ஜூனில் சில வகைத் தொழில்முனைவோர், மருத்துவத் துறையினர், வெளிநாட்டு இயந்திரங்களை நிறுவவும் பழுது பார்க்கவும் வரும் பொறியாளர்கள் ஆகியோருக்கு அனுமதி கிடைத்தது. கைத்தறிக்கு அப்படி ஒருவர் வர வேண்டியதில்லை. செய்யாறு சிப்காட் போன்ற இடங்களில் உள்ள ஆலைகளுக்கு அது தேவைப்படும். அக்டோபரில் சுற்றுலா தவிர மற்ற காரியங்களுக்காக வருகிறவர்களுக்குப் பரவலாக அனுமதி வந்தது. சுற்றுலாப் பயணிகள்தான் வரிசையில் கடைசி. தனி வாடகை விமானங்களில் வருவோருக்கு 2021 அக்டோபர் 15 முதலும், மற்ற விமானங்களில் வருவோருக்கு நவம்பர் 15 முதலும் புதிய சுற்றுலா விசா வழங்கப்பட்டது.

நம்பிக்கை: "ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் நம்ம ஊர்க்காரர் மாதிரிதான், தடையே கிடையாது."

உண்மை: ஓ.சி.ஐ. என்பது குடியுரிமை அன்று. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர் விசா இல்லாமல் வந்துபோக அரசு தரும் வசதி. 2020 மார்ச் 13 அன்று அந்த வசதியும் நிறுத்தி வைக்கப்பட்டது. மே 22-ல்தான் சிலருக்குத் தளர்வு வந்தது: இந்தியப் பெற்றோருக்கு வெளிநாட்டில் பிறந்து ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் சிறு பிள்ளைகள், குடும்பத்தில் சாவு போன்ற அவசரத்துக்கு வருகிறவர்கள், கணவன் மனைவியில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்து இங்கே நிரந்தர வீடு உள்ளவர்கள், இந்தியப் பெற்றோர் இங்கே வசிக்கும் கல்லூரி மாணவர்கள். துக்கத்துக்கு வர வழி பிறந்தது. கல்யாணத்துக்கு வர அந்தப் பட்டியலில் இடமில்லை. ஓ.சி.ஐ. வைத்திருப்போர் எல்லோருக்கும் வழி திறந்தது அக்டோபரில்தான்.

நம்பிக்கை: "ஊரடங்கில் இங்கேயே தங்கிவிட்ட வெளிநாட்டார் சட்டவிரோதமாக ஒளிந்திருந்தவர்கள்."

உண்மை: ஆரணி இருக்கும் திருவண்ணாமலை மாவட்டத்தில் இந்தப் பேச்சுக்கு ஒரு காரணம் உண்டு. 2020 ஏப்ரலில் திருவண்ணாமலை மலைக் குகையில் தங்கியிருந்த வெளிநாட்டவர் ஒருவரை வனத்துறையினர் கண்டுபிடித்த செய்தி ஊரெங்கும் பரவியது. பரிசோதனையில் அவருக்குத் தொற்று இல்லை. ரமணாசிரமத்தை நாடி வந்து, திரும்ப விமானம் இல்லாமல் தங்கியவர்களும் அங்கே இருந்தார்கள். 2020 மார்ச்சுக்கு முன் முறையான விசாவில் வந்து சிக்கிக்கொண்டவர்களுக்கு அரசே விசாவைக் கட்டணமில்லாமல் நீட்டித்தது. கூடுதல் நாள் தங்கியதற்கு அபராதமும் இல்லை. இந்தச் சலுகை 2021 செப்டம்பர் வரை தொடர்ந்தது.

நம்பிக்கை: "இரண்டு ஊசி போட்டவருக்கு எல்லா விலக்கும் கிடைத்தது."

உண்மை: ஊசி போட்டால் மட்டும் போதாது, அந்தச் சான்றிதழைப் போகும் நாடு ஏற்கவும் வேண்டும். புனேயில் தயாரான கோவிஷீல்டு போட்ட இந்தியர்களையும் பிரிட்டன் போடாதவர்களாகவே நடத்தியது. பதிலுக்கு 2021 அக்டோபர் 4 முதல் பிரிட்டிஷ் குடிமக்களுக்கு இந்தியா 10 நாள் தனிமை விதித்தது. பிரிட்டன் இறங்கி வந்ததும் சில நாட்களில் இந்தியாவும் விலக்கிக்கொண்டது. அடுத்து கொரோனாவின் ஒமைக்ரான் திரிபு வந்தது. 2022 ஜனவரி 11 முதல், எத்தனை ஊசி போட்டிருந்தாலும், வெளிநாட்டிலிருந்து வந்த எல்லோருக்கும் 7 நாள் வீட்டுத் தனிமை கட்டாயமானது. பிப்ரவரி 14-ல் அது நீங்கியது.

நம்பிக்கை: "கட்டுப்பாடெல்லாம் வெளிநாட்டாருக்குத்தான், நமக்கு இல்லை."

உண்மை: இதற்குள் மறந்துவிட்டோம். 2020 ஜூனில் தமிழ்நாடு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டபோது திருவண்ணாமலை மாவட்டம் விழுப்புரம், கடலூரோடு ஒரு மண்டலத்திலும், காஞ்சிபுரம் வேறொரு மண்டலத்திலும் இருந்தன. ஆரணி நெசவாளர் பட்டு விஷயமாகக் காஞ்சிபுரம் போக வேண்டுமென்றால் இ-பாஸ் வேண்டும். மாவட்டம் விட்டு மாவட்டம் செல்வதற்கான இ-பாஸ் முறை செப்டம்பர் 1 முதல்தான் நீக்கப்பட்டது.

நம்பிக்கை: "இப்படி ஒரு தடையை நாடு இதற்கு முன் கண்டதில்லை."

உண்மை: கொரோனாவுக்குப் பயன்பட்ட தொற்றுநோய்ச் சட்டமே 1897-ல் பம்பாய் பிளேக்கின்போது வந்தது. அந்தக் காலத்தில் சென்னை மாகாணத்தில் பிளேக் பரவிய இடங்களிலிருந்து வருகிறவர்களுக்கு 'பிளேக் பாஸ்போர்ட்' கொடுத்து, அன்றாடம் நேரில் வந்து காட்டச் சொன்னார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களை மண்டபம் முகாமில் தடுத்து வைத்துச் சோதித்த பிறகே கப்பல் ஏற்றினார்கள். அன்றும் விலக்குக்கு வழியில்லாமல் நின்றவர்கள் ஏழைகள்தான்.

நம்பிக்கை: "இனி எந்தச் சான்றிதழும் தேவையில்லை."

உண்மை: வெளிநாட்டிலிருந்து வருவோர் கொரோனாவுக்காக நிரப்ப வேண்டியிருந்த ஏர் சுவிதா படிவம் 2022 நவம்பர் 22-ல் நிறுத்தப்பட்டது. 2023 தொடக்கத்தில் சீனா, சிங்கப்பூர் உள்ளிட்ட ஆறு இடங்களிலிருந்து வருவோருக்கு மட்டும் சிறிது காலம் திரும்ப வந்து போனது. ஆனால் மஞ்சள் காய்ச்சல் விதி பழையது, இன்றும் இருக்கிறது. அந்நோய் உள்ள ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகளிலிருந்து தடுப்பூசிச் சான்று இல்லாமல் வந்தால் 6 நாள் வரை தனிமையில் வைப்பார்கள். இந்தியக் குடிமகனுக்கும் இதே விதிதான். ஊசி போட்ட 10-ஆம் நாளிலிருந்துதான் சான்று செல்லும்.

அரசு எப்போதும் முதலில் கேட்பது எந்த நாட்டுக் குடிமகன், என்ன காரியமாக வருகிறார் என்ற இரண்டைத்தான். உறவுமுறை அதற்கு அப்புறம். அடுத்த முகூர்த்தத்துக்கு வெளிநாட்டுச் சொந்தங்களை அழைக்கும்போது, டிக்கெட் எடுக்கும் முன் விசா வகையையும் தடுப்பூசி விதியையும் இந்தியத் தூதரகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி யாரும் விமானம் ஏற வேண்டாம்.