கல்லில் எழுதிய ததீயாராதனம்

திருக்கோயிலுக்கு வரும் அடியார்களுக்கு அமுது செய்விக்கும் கைங்கர்யம் ததீயாராதனம் எனப்படும். எம்பெருமானுக்குச் செய்யும் ஆராதனத்தைப் போன்றே அவன் அடியார்க்குச் செய்யும் ஆராதனமும் ஏற்றமுடையது என்பது வைணவப் பெரியோர் கொள்கை. ஆதலின் முன்னோர் இத்தருமத்தை வாய்ச்சொல்லாக விட்டுவிடாமல், கல்லிலும் செம்பிலும் சாசனமாக எழுதுவித்தனர்.

இச்சாசனங்களில் வடமொழியும் தமிழும் ஒன்றற்கொன்று துணையாக நிற்கின்றன. பெரும்பாலும் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்னும் மங்கலச் சொல்லே தொடக்கம். வடசொற்கள் கிரந்த எழுத்தில் அமையும். செப்பேடுகளில் மன்னர் குலத்தின் புகழை வடமொழிச் சுலோகங்கள் உரைக்கும். நிலத்தின் எல்லையையும் கொடையின் விவரத்தையும் தமிழ் உரைக்கும். செட்டிகுளத்திற்குத் தெற்கே, கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள திவ்யதேசமாகிய அன்பிலில் கிடைத்த சுந்தர சோழன் காலத்துச் செப்பேடு இதற்குச் சான்று. கடல் கடந்த கம்போஜ நாட்டுக் கோயில் சாசனங்களிலும் புகழுரை வடமொழியிலும், பொருட்கணக்கு அந்நாட்டுக் கெமர் மொழியிலும் இருத்தல் காணலாம்.

அன்னதானக் கணக்கை நம் முன்னோர் எத்துணை நுட்பமாக எழுதினர் என்பதை இரண்டு திருமால் கோயில்கள் காட்டும்.

முதலாவது, விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம். முதலாம் இராஜேந்திர சோழன் (1014-1044) காலத்தில் இவ்வூர்க் கோயிலில் நாள்தோறும் திருவாய்மொழி விண்ணப்பம் செய்ய நால்வரும், மடத்தில் அமுது செய்ய ஸ்ரீவைஷ்ணவர் 25 பேரும் ஏற்படுத்தப்பட்டனர். இளமாணாக்கர் 270 பேருக்கு நாளொன்றுக்குத் தலைக்கு 6 நாழி நெல்; மேற்கல்வி பயின்ற 70 பேருக்குத் தலைக்கு ஒரு குறுணி 2 நாழி. குறுணி என்பது 8 நாழி. ஆனி அனுஷத்தை ஒட்டி ஏழு நாள் நடைபெற்ற திருவிழாவைச் சேவிக்க வந்த வைஷ்ணவர்களும் தாசர்களுமாகிய 1000 பேருக்கு அமுது செய்விக்கவும் வகை செய்யப்பட்டது. திருவிழாவுக்கு வரும் யாத்திரிகர் பசித்திருத்தலாகாது என்ற கருணை, இற்றைக்கு ஏறத்தாழ 1000 ஆண்டுகட்கு முன்னரே கல்லேறிவிட்டது.

இரண்டாவது, பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடும் திருமுக்கூடல். வீரராஜேந்திர சோழனின் (1063-1070) ஐந்தாம் ஆட்சியாண்டுச் சாசனம் இங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில் உள்ளது. வேதமும் வியாகரணமும் பாஞ்சராத்திரமும் பயின்றோர்க்கு உணவும், சனிக்கிழமை நீராட்டத்திற்கு எண்ணெயும் இதில் கூறப்பட்டுள்ளன. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையில் கிடந்த நோயாளர்க்கு நாளொன்றுக்குத் தலைக்கு ஒரு நாழி அரிசியும் குறிக்கப்பட்டுள்ளது.

நாழிக் கணக்கு வரை எழுதியது ஏன்? அளவு எழுதப்படாத தருமம் நாளடைவில் குறையும். குறைந்த தருமம் பின்னர் மறையும். இதனை நன்கறிந்தே அவர்கள் 'சந்திராதித்தவத்', அதாவது சந்திர சூரியர் உள்ளவரை, நடக்கவேண்டும் என்று விதித்தனர். கொடுத்தல், காத்தல் ஆகிய இரண்டனுள் காத்தலே மேலானது என்னும் கருத்துடைய வடமொழிச் சுலோகங்களைப் பல சாசனங்களின் இறுதியில் சேர்த்தனர். இத்தருமத்தைக் காப்பவர் திருவடி தம் தலைமேலது என்று மன்னரும் எழுதுவித்ததுண்டு. வைணவக் கோயில்களிலோ அக்காவல் அரசரிடம் மட்டும் விடப்படவில்லை. 'இது ஸ்ரீவைஷ்ணவ ரக்ஷை' என்று முடியும் கல்வெட்டுகள் பல. அடியார் அனைவரும் காவலர் என்பதே அதன் பொருள்.

ஆகவே, இன்று பந்தியில் அமர்ந்து பிரசாதம் பெறும் யாத்திரிகர், உண்பவர் மட்டுமல்லர். அத்தருமத்தின் காவலரும் ஆவர். இலையில் இட்ட அன்னத்தை வீணாக்காதிருத்தல் முதற் காவல். எழுத்துள்ள சுவரில் எண்ணெயும் குங்குமமும் தடவாதிருத்தல் இரண்டாம் காவல். திருப்பணியின்போது அவ்வெழுத்தின்மேல் சுண்ணமும் வர்ணமும் பூசாமலும், எழுத்துடைய கல்லை உடைத்துப் படிக்கட்டாக்காமலும் பார்த்துக்கொள்ளுதல் மூன்றாம் காவல். கல் அழியின், அன்னமிட்டவர் பெயரும், அவர் வகுத்த அளவும், அதனைக் காக்குமாறு அடியாரிடம் அவர் செய்த விண்ணப்பமும் ஒருங்கே அழியும்.

பிரதக்ஷிணம் வரும் அன்பர்கள் அதிட்டானத்து எழுத்துகளின் முன் ஒரு கணம் நின்று செல்வார்களாக. பசித்தவரை நினைத்து எழுதிய எழுத்தும் அவற்றுள் இருத்தல் கூடும்.

சுபம்.