மறையூருக்கென்றே ஒரு பயணம்

உடுமலையிலிருந்து மூணாறு கிளம்புகிறவர்களில் பெரும்பாலோருக்கு மறையூர் என்றால் டீ குடிக்க வண்டியை நிறுத்தும் இடம். ஒரு கிலோ வெல்லம் வாங்கிக்கொண்டு மலையேறிவிடுவார்கள். இடுக்கி மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கும் இந்தச் சிற்றூரில் கல்திட்டைகளும் சந்தனக் காடும் கிழக்கு நோக்கி ஓடும் ஆறும் சில மைல் சுற்றளவுக்குள் இருக்கின்றன. இங்கேயே ஓர் இரவு தங்கி, இரண்டு பகல் சுற்றிப் பாருங்கள். அதற்கான வழி இது.

எப்போது, எப்படி

கேரளம் முழுக்க ஆனி, ஆடியில் நனையும்போது மறையூரில் காற்றுதான் அடிக்கும். மேற்கே நிற்கும் உயரமான மலைகள் மழையை வாங்கிக்கொள்வதால் இது மழைமறைவுப் பகுதி. இங்கே மழை வலுப்பது ஐப்பசி, கார்த்திகையில்தான். அந்த மாதங்களைத் தவிர்த்தால் போதும். பக்கத்து மலையூரான காந்தளூரில் ஆப்பிளை மரத்திலேயே பார்க்க வேண்டுமென்றால் ஜூலை, ஆகஸ்ட். குளிர் வேண்டுமென்றால் மார்கழி, தை.

பாலக்காட்டிலிருந்தோ பழனியிலிருந்தோ வருகிறவர்கள் ரயிலில் உடுமலைப்பேட்டையில் இறங்கலாம். அங்கிருந்து மூணாறு செல்லும் தமிழக, கேரள அரசுப் பேருந்துகள் மறையூர் வழியாகவே போகின்றன. சொந்த வண்டி என்றால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். ஒன்பதாறு சோதனைச்சாவடியைத் தாண்டியதும் ஆனைமலைப் புலிகள் காப்பகம், அதை அடுத்து சின்னாறு சரணாலயம். வழி நெடுக யானை நடமாட்டம் உண்டு. இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடும் உண்டு. யானையைப் பார்த்தால் இறங்கிப் படம் எடுக்காதீர்கள். தூரத்திலேயே நிறுத்தி, அது சாலையைக் கடக்கும்வரை வண்டிக்குள் இருங்கள்.

மொழிக் கவலை வேண்டாம். மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர் உள்ளிட்ட இந்த வட்டாரத்துக்கு அஞ்சுநாடு என்று பெயர். மதுரைப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்கள் என்று தங்கள் வரலாற்றைச் சொல்லும் குடும்பங்கள் இங்கே இன்றும் தமிழ்தான் பேசுகின்றன.

முதல் நாள் பிற்பகல்: வெல்ல ஆலை

கரும்புக் காட்டுக்கு நடுவே புகை தெரியும் இடத்துக்குப் போய், பார்க்கலாமா என்று கேளுங்கள். வேலைக்குக் குறுக்கே நிற்காதவர்களை யாரும் விரட்ட மாட்டார்கள். அகலமான கொப்பரையில் சாறு கொதிக்கும். அடுப்புக்குப் பிழிந்து காயவைத்த சக்கையே விறகு. மேலே திரளும் அழுக்கை அரித்து எடுத்துக்கொண்டே இருப்பார்கள். பாகு பதத்துக்கு வந்ததும் மரத்தொட்டியில் ஊற்றிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் கையால் உருண்டை பிடிப்பார்கள். நான் நெடுநேரம் நின்று பார்ப்பது இந்தக் கட்டத்தைத்தான். ஒரு பிடி அள்ளி, இரண்டு திருப்பு திருப்பி, கீழே வைத்துவிட்டு அடுத்ததற்குக் கை போய்விடும். சூட்டில் சிவந்த அந்த உள்ளங்கைகளைப் பார்த்தவருக்கு விலை பேசத் தோன்றாது.

மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைச் சொல்லி வேறு ஊர் வெல்லமும் கடைகளில் விற்பனையாகிறது. வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள்: அடர் பழுப்பாக இருக்க வேண்டும், பளிச்சென்ற மஞ்சள் ஆகாது. அச்சில் வார்த்த ஒழுங்கு இருக்காது. உருண்டையின் மேல் விரல் தடம் தெரியும். ஆலையிலேயே வாங்குவது எல்லாவற்றையும்விட நல்லது.

மறுநாள் விடியலில்: முனியறைகள்

வெயில் ஏறினால் பாறை கொதிக்கும் என்பதால் விடியும்போதே கோவில்கடவுக்குப் போய்விடுங்கள். பாம்பாற்றங்கரையில் தென்காசிநாதர் கோயில் இருக்கிறது. கும்பிட்டுவிட்டு, அருகே முருகன் மலைப் பாறைமேல் ஏறுங்கள். நான்கு பக்கமும் கற்பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு பெரும்பலகையை மூடியாக ஏற்றிய கல்லறைகள் அங்கங்கே நிற்கும். முனிவர்கள் தவம் செய்த அறை என்று ஊர் நம்புவதால் முனியறை என்ற பெயர் வந்தது. தொல்லியலாளர்கள் இவற்றைப் பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள் என்கிறார்கள். சுண்ணாம்பு இல்லை, காரை இல்லை. கல்லின் கனமே கல்லைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது.

அதனால்தான் மூடுகல்லின்மேல் ஏறக் கூடாது, உள்ளே நுழைந்து சாயக் கூடாது. பல முனியறைகள் ஏற்கெனவே சரிந்து கிடக்கின்றன; சிலவற்றில் பெயர் கிறுக்கியிருக்கிறார்கள். பிள்ளைகளை அழைத்துச் செல்கிறவர்கள் பாறை ஏறுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

சந்தனம்

கேரளத்தில் சந்தன மரம் இயற்கையாக அடர்ந்து வளரும் காடு மறையூரில்தான் இருக்கிறது. கம்பிவேலிக்கு அப்பால், சாலையோரத்திலேயே பார்க்கலாம். வாசனையை எதிர்பார்க்காதீர்கள். நிற்கும் மரம் மணக்காது; மணம் உள்ளே வைரத்தில் இருக்கிறது. பட்டையைச் சுரண்டிப் பார்ப்பதால் மரத்துக்குக் காயம்தான் மிச்சம். பக்கத்துச் செடிகளின் வேரிலிருந்து நீரும் சத்தும் உறிஞ்சி வளரும் மரம் இது. ஆகவே சந்தனம் வாழ, சுற்றியுள்ள காடும் வாழ வேண்டும். வழியில் யாராவது காகிதத்தில் மடித்துச் சந்தனத் துண்டு நீட்டினால் வாங்காதீர்கள். உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் சந்தனக் கட்டையைக் கொண்டுபோவது குற்றம். சோதனைச்சாவடியில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

சின்னாறா, காந்தளூரா?

மீதமுள்ள பகலில் இரண்டில் ஒன்றைத்தான் நிதானமாகப் பார்க்க முடியும். நடக்க முடிந்தவர்களுக்குச் சின்னாறு. 1984-இல் சரணாலயமான இந்த 90 சதுர கிலோமீட்டர் முள்காட்டில், ஆற்றோர மரங்களில் சாம்பல் நிற அணிலைப் பார்க்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் தனிச் சரணாலயமே உள்ள அதே அணில்தான். ஆலாம்பெட்டியிலிருந்து தூவானம் அருவிக்கு வனத்துறை நடத்தும் நடைக்கு முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். உடன் வரும் பழங்குடி வழிகாட்டிக்கு முன்னே நடக்காதீர்கள், சத்தமாகப் பேசாதீர்கள், பிளாஸ்டிக் கொண்டுபோகாதீர்கள். அவர் திடீரென்று நின்று கையை உயர்த்தினால் நீங்களும் அசையாமல் நில்லுங்கள்.

வயதானவர்களும் சிறு பிள்ளைகளும் கூட வந்தால் காந்தளூர். மறையூரிலிருந்து 15 கிலோமீட்டர் அளவுக்கு மலையேற்றம். 2023-இல் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் சிறந்த சுற்றுலாக் கிராமப் போட்டியில் தங்க விருது பெற்ற ஊர். ஆப்பிள் தோட்டம் என்றால் தோட்டத்துக்காரரைக் கேட்டுவிட்டு உள்ளே போங்கள்; பழத்தை நீங்களாகப் பறிக்காதீர்கள். இங்கே விளையும் மலைப்பூண்டுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. பல் சிறியது, காரம் தூக்கலாக இருக்கும். தாளோடு கட்டிய பிடியாகக் கிடைத்தால் அதையே வாங்கி, வீட்டில் காற்றாடத் தொங்கவிடுங்கள்.

உடுமலைக்குத் திரும்புகிறவர்கள் பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் மறையூரை விட்டுக் கிளம்பிவிடுங்கள். சாவடிகளில் நிற்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் வெளிச்சம் இருக்கும்போதே காட்டைத் தாண்ட முடியும்.