வீடு மாறும் செடிகள்

2009-ஆம் ஆண்டு மே மாதம் எனக்குத் தஞ்சாவூரிலிருந்து கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது. கட்டில், பீரோ, புத்தக மூட்டைகள் எல்லாம் லாரியில் ஏறிவிட்டன. அம்மா வளர்த்த பதினொரு பூந்தொட்டிகளை எங்கே வைப்பது என்ற கேள்வி கடைசியில்தான் எழுந்தது. "தண்ணியை நல்லா ஊத்தி மேலேயே வச்சிடலாம்மா, காத்தாட வரட்டும்" என்று யோசனை சொன்னவன் நான்தான்.

சுமார் 270 கிலோமீட்டர். ஏழு மணி நேரப் பயணம். இறக்கிப் பார்த்தபோது செம்பருத்தியின் இலைகள் அப்பளம்போல் நொறுங்கின. கறிவேப்பிலை மொட்டையாக நின்றது. அம்மா தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "மண்ணு ஈரமாத்தானேடா இருக்கு? அப்புறம் எப்படிக் காஞ்சுது?" என்றார்.

கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. இதில் இன்னொரு வியப்பும் இருந்தது. இடமில்லாததால் மணி பிளாண்ட் தொட்டியைப் பாலிதீன் பையால் மூடி, பீரோவுக்கும் மெத்தைக்கும் நடுவில் செருகியிருந்தோம். அது மட்டும் புறப்பட்டபடியே வந்து சேர்ந்தது. ஏன்?

வரவும் செலவும்

மாணவர்களே, செடி ஓயாமல் நீரைச் செலவு செய்துகொண்டே இருக்கிறது. வேர்கள் உறிஞ்சும் நீரின் பெரும் பகுதி இலைத்துளைகள் வழியே ஆவியாக வெளியேறிவிடுகிறது. இதையே நீராவிப்போக்கு என்கிறோம். இலையில் நீர் ஆவியாக ஆக, தண்டினுள் உள்ள மெல்லிய குழாய்களில் நிற்கும் நீர், அறுந்து போகாத கயிறுபோல் மேலே இழுக்கப்படுகிறது. வேரில் வரவு, இலையில் செலவு. இரண்டும் சமமாக இருக்கும்வரை இலை விறைப்பாக நிற்கும்.

செலவு திடீரென்று கூடினால்? வங்கியில் நிறையப் பணம் இருக்கலாம். ஆனால் பணம் கொடுக்கும் சன்னல் ஒன்றுதானே! மண்ணில் ஈரம் இருந்தாலும் வேர் ஒரு குறிப்பிட்ட வேகத்தில்தான் அதை எடுத்துத் தர முடியும். இலை அதைவிட வேகமாகச் செலவு செய்தால், இலையின் செல்கள் தம்மிடம் உள்ள நீரையே இழந்து துவள்கின்றன. இழுவிசை மிகும்போது நீர்க்கயிறு இடையில் அறுந்து, அங்கே குமிழி உண்டாகிவிடும். அந்தக் குழாய் வழியே பிறகு நீர் ஏறாது. அம்மாவின் கேள்விக்கு இதுவே விடையின் முதற்பகுதி.

காற்று செய்த வேலை

செலவு ஏன் கூடியது? இலையின் உள்ளே இருக்கும் காற்று ஏறக்குறைய நீராவியால் நிறைந்தே இருக்கும். 30° செல்சியசில் அதன் நீராவி அழுத்தம் சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசம். வெளிக்காற்றின் ஒப்பு ஈரப்பதம் 40 விழுக்காடு என்றால், அங்கே நீராவி அழுத்தம் சுமார் 13 மில்லிமீட்டர்தான். இந்த 19 மில்லிமீட்டர் வேறுபாடே நீராவியை வெளியே தள்ளுகிறது. வெளிக்காற்றின் நீராவி அளவு மாறாமல் இலை மட்டும் 40° செல்சியசுக்குச் சூடேறினால், உள் அழுத்தம் சுமார் 55 மில்லிமீட்டராகிறது. வேறுபாடு 42, அதாவது இரு மடங்குக்கும் மேல்!

அசையாத காற்றில் இலையை ஒட்டி ஈரமான மெல்லிய காற்றுப் படலம் ஒன்று போர்வைபோல் படிந்திருக்கும். அது நீராவிப்போக்கைத் தணிக்கிறது. காற்று வீசினால் இந்தப் போர்வை மெலிந்துவிடும். துணி காற்றில் விரைவில் உலர்வதும் இதனால்தான். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் லாரியின் மேல் இருக்கும் செடிக்கு, நொடிக்கு சுமார் 14 மீட்டர் வேகத்தில் காற்று அடிக்கிறது. அதையே நான் "காத்தாட வரட்டும்" என்றேன்!

இலைத்துளைகள் மூடிக்கொள்ளாதா என்று நீங்கள் கேட்கலாம். மூடிக்கொள்ளும். ஆனால் பலத்த காற்றில் இலைகள் ஒன்றோடொன்று மோதி உராய்கின்றன, அவற்றின் மேலுள்ள மெழுகுப் பூச்சு சிதைகிறது, ஓரங்கள் கிழிகின்றன. கதவைச் சாத்தினாலும் கூரை ஒழுகும் வீட்டின் நிலைதான்.

மணி பிளாண்ட் பிழைத்த இரகசியமும் இப்போது விளங்கும். பைக்குள் காற்று அசையவில்லை. சற்று நேரத்தில் பையின் உட்புறமும் நீராவியால் நிறைந்தது. அழுத்த வேறுபாடு ஏறக்குறைய சுழியானது, செலவும் நின்றது.

கண்ணாடிப் பெட்டியின் கதை

இந்த உண்மை தற்செயலாகவே கண்டறியப்பட்டது. 1829-இல் இலண்டன் மருத்துவரான நத்தானியேல் வார்டு, ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணுடன் கண்ணாடிப் புட்டியில் வைத்து மூடினார். புகை மண்டிய அந்நகரில் அவர் வளர்க்க முயன்ற பெரணிகள் மடிந்துகொண்டிருந்தன. ஆனால் மூடிய புட்டிக்குள் ஒரு பெரணியும் ஒரு புல்லும் தாமே முளைத்தன! ஆவியான நீர் கண்ணாடியில் துளிகளாகப் படிந்து, மீண்டும் மண்ணுக்கே திரும்பியது. 1833-இல் இத்தகைய பெட்டிகளில் செடிகளை வைத்து ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குக் கப்பலில் அனுப்பினார். பல மாதப் பயணத்துக்குப் பின்னும் அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன.

வார்டின் பெட்டி நம் நீலகிரிக்கும் வந்தது. மலேரியாவுக்கு மருந்தான குயினைனைத் தரும் சின்கோனாச் செடிகளை, தென் அமெரிக்காவின் பெருவிலிருந்து 1860-இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் இப்பெட்டிகளில் கொண்டுவந்தார். செங்கடலின் கடும் வெப்பத்தில் பெட்டிகள் சூடேறின, அச்செடிகள் பிழைக்கவில்லை. எக்குவடோரில் ரிச்சர்டு ஸ்புரூஸ் திரட்டிய செடிகள், ராபர்ட் கிராஸ் என்பவரின் பொறுப்பில் 1861-இல் உதகமண்டலத்தை அடைந்து வேரூன்றின.

இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. மூடிய பெட்டி காற்றிலிருந்து காக்கும். வெயிலில் வைத்தால் அதுவே அடுப்பாகும். வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே வெப்பநிலை 50° செல்சியசையும் தாண்டலாம். ஆகவே பாலிதீன் பை போர்த்திய செடி நிழலில்தான் இருக்கவேண்டும்.

தொட்டிக்குள் இயற்பியல்

புறப்படும் நேரத்தில் நிறைய நீர் ஊற்றியதும் தவறே. ஈரமணலில் வீடு கட்டலாம். சேற்றில் கட்ட முடியுமா? அளவான ஈரத்தில் பரப்பு இழுவிசை மண் துகள்களைச் சேர்த்துப் பிடிக்கிறது. நீர் மிகுந்தால் அப்பிடிப்பு போய், குலுங்கும்போது மண் நகரும். நுண்ணிய வேர்த்தூவிகள் அறுந்துவிடும். வரவுக்கான வாயிலே அடைபடும்! எடையும் கூடும். 3 லிட்டர் நீர் என்றால் 3 கிலோகிராம். ஆகவே முதல் நாளே நீர் ஊற்றி, மிகுதியை வடியவிடுங்கள். தொட்டி மாற்றவேண்டுமானால் சில வாரங்களுக்கு முன்பே செய்துவிடுங்கள்.

உயரமான செடியின் ஈர்ப்பு மையம் மேலே இருக்கும். வண்டி திடீரென்று நின்றால் நிலைமத்தால் அது முன்னால் சாயும். தொட்டிகளை அட்டைப்பெட்டியில் நெருக்கமாக வைத்து, இடைவெளியில் பழைய செய்தித்தாளைத் திணித்தால் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுக்கும்.

போய்ச் சேர்ந்த பிறகு

புது வீட்டில் குரோட்டன் தொட்டியைக் கூடத்தில் வைத்தோம். பத்து நாளில் இலைகளை உதிர்த்தது. கூடம் நல்ல வெளிச்சமாகத்தானே இருந்தது? இங்கே கண் நம்மை ஏமாற்றுகிறது. நேர் வெயிலில் ஒளிச்செறிவு சுமார் 1,00,000 லக்ஸ். கூடத்தின் நடுவில் சில நூறு லக்ஸ் மட்டுமே. நம் கண் இதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் நமக்கு வேறுபாடு தெரிவதில்லை. இலைக்கு அவ்வசதி இல்லை. வெயிலுக்கென வளர்ந்த இலை நிழலில் தன் உணவைச் சம்பாதிக்க முடியாது; செடி அதை உதிர்த்துவிட்டு, புதிய ஒளிக்கேற்ற இலைகளை விடுகிறது. நிழலில் இருந்த செடியைத் திடீரென்று வெயிலில் வைத்தால் இலை கருகும். ஆகவே ஒரிரு வாரங்களில் சிறிது சிறிதாக இடம் மாற்றுங்கள்.

இலை உதிர்வதைக் கண்டு நீரை ஊற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. இலை குறைந்தால் செலவும் குறைவு. நீர் நிறைந்த மண்ணில் காற்று இருக்காது. நீரினூடே ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவும் வேகத்தில் சுமார் 10,000-இல் ஒரு பங்குதான். வேர்கள் மூச்சுத் திணறி அழுகும்.

மொட்டையான கறிவேப்பிலையை நான் குப்பையில் போடத் தூக்கினேன். அம்மா தடுத்து, தண்டை நகத்தால் கீறிக் காட்டினார். உள்ளே பச்சை! ஐந்து வாரம் கழித்து அது துளிர்த்தது. செம்பருத்தியைக் கீறியபோது பழுப்புதான் தெரிந்தது. அம்மா ஒன்பது ஆண்டு நீர் ஊற்றிய செடி அது. தொட்டி ஒரே நாளில் வீடு மாறிவிடும். செடி மாறிவரச் சில வாரங்கள் ஆகும் என்பதை அன்று கற்றேன். 2017-இல் மறுபடியும் வீடு மாறினோம். அப்போது லாரியின் மேல் ஒரு தொட்டியும் இல்லை.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள மூன்று புட்டிகளில் சம அளவு நீர் எடுத்து, ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் இலைகள் உள்ள செம்பருத்திக் கிளைகளை வையுங்கள். நீரின்மேல் சில துளி எண்ணெய் விட்டால் நீர் நேரடியாக ஆவியாகாது. நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு புட்டியை மின்விசிறியின் முன்னும், ஒன்றைக் காற்றில்லாத மூலையிலும், மூன்றாவதைக் கிளைமேல் பாலிதீன் பை போர்த்தி அதே மூலையிலும் வைத்து, ஒரு நாள் கழித்து அளந்து பாருங்கள்.

விடை காணுங்கள்: பை போர்த்திய கிளை நீரை அதிகம் செலவழிக்கவில்லை என்றால், அதே பையில் அச்செடியை மாதக்கணக்கில் நல்ல இருட்டில் வைத்தாலும் அது வாழுமா?