மெக்சிகோ: மலைநகரிலிருந்து கடல்வரை ஒரே கோட்டில்

மெக்சிகோவுக்கு முதல்முறை போகிறவர்கள் வரைபடத்தைப் பார்த்ததும் ஆசைப்பட்டுவிடுகிறார்கள். கிழக்கே கான்கூன், மேற்கே பசிபிக், தெற்கே மாயன் கோயில்கள், நடுவே தலைநகரம் என்று எல்லாவற்றையும் இரண்டு வாரத்தில் அடைக்கப் பார்க்கிறார்கள். அந்த நாட்டின் பரப்பு ஏறக்குறைய 20 லட்சம் சதுர கிலோமீட்டர். அப்படித் திட்டமிட்டால் விடுமுறையில் பாதி விமான நிலையத்திலேயே கழிந்துவிடும்.

நான் சொல்வது ஒரே கோடு. மெக்சிகோ நகரத்தில் இறங்குங்கள். அங்கிருந்து புவெப்லா, பிறகு வஹாக்கா, கடைசியில் மலையிறங்கி பசிபிக் கடற்கரை. எல்லாம் தரைவழியாகவே போகலாம். இரண்டு வாரம் இருந்தால் போதும், பத்து நாள் இருந்தாலும் சமாளிக்கலாம். மெக்சிகோவின் ஆதி உணவும் பழைய நகரங்களும் நல்ல கடலும் இந்தக் கோட்டிலேயே இருக்கின்றன.

புறப்படும் முன்

இந்தியக் கடவுச்சீட்டுக்கு மெக்சிகோ விசா வேண்டும். ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஒன்றின் செல்லுபடியான விசா உங்களிடம் இருந்தால், தனியாக மெக்சிகோ விசா எடுக்காமலே சுற்றுலாவுக்கு நுழையலாம். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கும் இந்த விதி பொருந்தும். இல்லாதவர்கள் மெக்சிகோ தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. அமெரிக்கா வழியாகப் போனால், விமானம் மாறுவதற்கு மட்டும் என்றாலும் அமெரிக்க விசா கட்டாயம். ஐரோப்பா வழி என்றால் அந்தந்த நாட்டின் ட்ரான்சிட் விதியைப் பார்த்தபிறகே டிக்கெட் போடுங்கள்.

குடியேற்ற அதிகாரி முத்திரை குத்தியதும் நகர்ந்துவிடாதீர்கள். எத்தனை நாள் தங்கலாம் என்று குறித்திருக்கிறார் என்பதை அங்கேயே நின்று பாருங்கள். 180 நாள் உச்சவரம்பு மட்டுமே, அதைவிடக் குறைத்துக் கொடுக்க அவருக்கு உரிமை உண்டு.

போக நல்ல காலம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. மே கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை மழை. மலைநகரங்களில் அது பெரும்பாலும் மாலை மழைதான், தாங்கிக்கொள்ளலாம். கடற்கரையில் அது புயல் பருவம். 2022 மே மாதக் கடைசியில் அகதா புயல் இதே வஹாக்கா மாநிலக் கரையில்தான் ஏறியது. நவம்பர் 1, 2 தேதிகளில் வரும் இறந்தோர் நாளுக்கும், ஜூலையில் நடக்கும் கெலகெட்சா விழாவுக்கும் வஹாக்காவில் இருக்க விரும்பினால் பல மாதம் முன்பே அறை எடுத்துவிடுங்கள்.

மின்சாரம் 127 வோல்ட், தட்டையான முள் பிளக். சார்ஜரில் 100–240 என்று போட்டிருந்தால் அடாப்டர் மட்டும் போதும். பையில் கட்டாயம் ஒரு குளிர்சட்டை இருக்கட்டும். கடலுக்குத்தானே போகிறோம் என்று விட்டுவிட்டால் மலையிலும் பேருந்து ஏசியிலும் நடுங்குவீர்கள்.

மெக்சிகோ நகரம்

நகரம் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டியின் உயரம்தான். முதல் நாள் படியேறினால் மூச்சு வாங்கும், தலை லேசாக வலிக்கும். நிறையத் தண்ணீர் குடித்து, மதுவைத் தள்ளிவைத்து, அன்று பக்கத்துத் தெருக்களை மட்டும் சுற்றுங்கள்.

இரண்டாம் நாள் மெட்ரோவில் ஏறுங்கள். கட்டணம் 5 பெசோ, எவ்வளவு தூரம் போனாலும் அதேதான். 1969இல் மெட்ரோ தொடங்கியபோதே எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களும் இறங்குமிடத்தை அறியும்படி ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு படம் வைத்தார்கள். சாப்புல்தெபெக்கிற்கு வெட்டுக்கிளி, கொயோவாகானுக்குக் கொயோட்டே நரி. ஸ்பானிஷ் தெரியாத நமக்கும் அது கைகொடுக்கிறது. நெரிசல் நேரத்தில் முன்பக்கப் பெட்டிகள் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒதுக்கப்படும்.

வெட்டுக்கிளி நிலையத்தில் இறங்கி தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்துக்கு நடங்கள். ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள். ஆஸ்தெக் சூரியக்கல் இருக்கும் கூடத்தோடு நிறுத்திவிடாமல், வஹாக்கா கூடத்துக்கும் போங்கள். நான்கு நாளில் நேரில் பார்க்கப்போகும் மொன்தே அல்பான் என்ற மலையுச்சி நகரத்துக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. திங்கட்கிழமை இதற்கும் மற்ற பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்கும் விடுமுறை. ஓவியர் ஃப்ரிதா காலோ வீட்டுக்கு முன்கூட்டியே இணையத்தில் டிக்கெட் எடுக்க வேண்டும்.

இன்னொன்று. இந்த நகரத்தில் நிலநடுக்க எச்சரிக்கை ஒலிபெருக்கிகள் தெருவெங்கும் உண்டு. ஒலித்தால் விடுதி ஊழியர்கள் போகிற பக்கம் போங்கள், பெட்டியைத் தேடாதீர்கள். 1985, 2017 இரண்டு பெரும் நடுக்கங்களும் செப்டம்பர் 19ஆம் தேதிதான் வந்தன. 1985 நடுக்கத்தின் நினைவாக ஆண்டுதோறும் அன்று ஒத்திகை நடக்கும். அந்த நாளில் அங்கே இருந்தால் திகைக்காமல் நீங்களும் வெளியே வந்து நில்லுங்கள்.

பேருந்து

கிழக்கு முனையமான தாப்போவிலிருந்து புவெப்லாவுக்குச் சுமார் இரண்டு மணி நேரம், அங்கிருந்து வஹாக்காவுக்கு நாலரை மணி நேரம். தாப்போவுக்கு சான் லாசரோ மெட்ரோ நிலையத்தில் இறங்க வேண்டும். ஏடிஓ நிறுவனத்தின் வண்டிகள் வசதியானவை. முன்கூட்டி எடுத்தால் கட்டணம் குறையும். இணையத்தில் வெளிநாட்டு அட்டை சில சமயம் ஏற்காது. முனையத்துக் கவுன்டரில் வாங்கிக்கொள்ளலாம். பெட்டியை அடியில் வைக்கும்போது தரும் துண்டுச்சீட்டைத் தொலைக்காதீர்கள். பகலிலேயே பயணம் செய்யுங்கள். பாதுகாப்புக்காகச் சொல்கிறேன், கூடவே, புவெப்லாவைத் தாண்டியபின் வரும் கள்ளிக்காட்டு மலைகளை இருட்டில் கடப்பது வீண்.

புவெப்லாவில் ஒரு இரவு போதும். ஓடு பதித்த வீடுகளைப் பாருங்கள், மோலே போப்லானோ என்ற மிளகாய்க் குழம்பைச் சாப்பிடுங்கள். ஆகஸ்டு, செப்டம்பரில் போனால் வால்நட் சாந்தும் மாதுளை முத்தும் போட்ட சீலே என் நொகாதா கிடைக்கும்.

சாப்பாட்டுக்கு ஏற்ப நாளை அமைத்துக்கொள்ளுங்கள்

மெக்சிகோவில் பெரிய சாப்பாடு மதியம்தான், இரண்டிலிருந்து நான்கு மணிக்குள். இதைப் பின்பற்றினால் பாதிச் செலவில் இருமடங்கு நல்ல உணவு கிடைக்கும். சிறு உணவகங்களின் வாசலில் 'கொமீதா கொர்ரீதா' என்று பலகை வைத்திருப்பார்கள்: சூப், சாதம், ஒரு முக்கிய பதார்த்தம், பழச்சாறு கலந்த தண்ணீர், எல்லாம் ஒரே விலையில். காலையில் தெருமுனையில் ஆவியில் வெந்த தமால், கூடவே சூடான சோளக்கஞ்சி. இரவில் தாக்கோ. இரவு எட்டு மணிக்குப் பெரிய விருந்து தேடிப்போனால் சுற்றுலாப் பயணிகளுக்கென்று திறந்திருக்கும் கடைகளே மிஞ்சும்.

எல்லாவற்றுக்கும் அடி மக்காச்சோளம். காய்ந்த சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து இரவெல்லாம் ஊறவிட்டு, தோல் கழன்றபின் மாவாக அரைக்கிறார்கள். இப்படிச் செய்யும்போதுதான் சோளத்தில் கட்டுண்டிருக்கும் ஒரு முக்கிய வைட்டமின் உடலுக்குச் சேர்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழைய அறிவு இது. கடையைத் தேர்ந்தெடுக்க இதுவே அளவுகோல்: மாவைக் கையால் தட்டி அப்போதே கல்லில் போடும் அம்மா இருக்கிறாரா, சுற்றி உள்ளூர்க்காரர்கள் நிற்கிறார்களா என்று பாருங்கள். அடுக்கிவைத்த தொர்த்தீயா ரொட்டியை எடுத்துச் சூடாக்கித் தரும் கடையைத் தாண்டிப் போய்விடுங்கள்.

சாந்து தனிக் கிண்ணத்தில் வரும். காரம் அதில்தான் இருக்கும், முதலில் ஒரு துளி நக்கிப் பாருங்கள். நம் குழம்பில் கொதிக்கும் மிளகாய் இந்த நிலத்தில் பயிரான செடி; போர்த்துக்கீசியர் வழியாக நம் கரைக்கு வந்தது. புளி எதிர்த் திசையில் போய் இங்கே வேரூன்றியது. சந்தையில் புளித்தண்ணீர் கேட்டுக் குடித்துப் பாருங்கள், 'ஆகுவா தெ தமரீந்தோ' என்று கேட்க வேண்டும்.

சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் விவரமாகக் கேட்க வேண்டும். 'கார்னே' இல்லாமல் என்று மட்டும் சொன்னால் கோழி போட்டுக் கொண்டுவருவார்கள். பருப்பு பன்றிக்கொழுப்பில் தாளித்திருக்கும், சாதம் கோழிச்சாற்றில் வெந்திருக்கும், மோலேயிலும் பெரும்பாலும் கோழிச்சாறு உண்டு. 'சின் கார்னே, சின் போயோ, சின் மன்தேகா' என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: இறைச்சி, கோழி, கொழுப்பு வேண்டாம். நம்பிக் கேட்கக் கூடியவை பூசணிப்பூ வைத்த கெசதீயா, சப்பாத்திக்கள்ளிப் பொரியல், சுட்ட சோளக்கதிர், சோளத்தில் வளரும் கரும்பூஞ்சையான வித்லகோச்சே. கடைசியானதைக் கட்டாயம் சாப்பிடுங்கள், மண்ணும் காளானும் கலந்த மணம். தலைநகரத்தில் கெசதீயாவுக்கும் சீஸ் வேண்டும் என்று கேட்டால்தான் சீஸ் வைப்பார்கள்.

குழாய்த் தண்ணீர் வேண்டாம். சாப்பிட்டு முடித்தபின் பில் தானாக வராது, கேட்க வேண்டும். கேட்காமல் நீட்டுவது அங்கே மரியாதைக் குறைவு. டிப்ஸ் 10 முதல் 15 சதவீதம். எழுந்து போகும்போது பக்கத்து மேசைக்காரர்களைப் பார்த்து 'புவென் ப்ரொவேச்சோ' சொல்லுங்கள், முகம் மலரும்.

வஹாக்கா

இந்தக் கோட்டில் அதிக நாள் வஹாக்காவுக்குத்தான், குறைந்தது நான்கு. அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும்படி முழுப் பயணத்தையும் திட்டமிடுங்கள், ஏனென்றால் த்லகோலூலா சந்தை ஞாயிறுதான் கூடுகிறது. பேஸ்பால் மைதானத்தின் அருகே நெடுஞ்சாலையில் மித்லா போகும் பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்விடும். சப்போத்தெக் பேசும் கிராமத்துப் பெண்கள் பூத்தையல் போட்ட ஏப்ரனோடு உட்கார்ந்து மிளகாயும் பூவும் உயிருள்ள வான்கோழியும் விற்பார்கள். சோளமும் கொக்கோவும் மாமே பழக்கொட்டையும் அரைத்துக் கையால் கலக்கிய, நுரை மிதக்கும் தெஹாத்தே அங்கே கிடைக்கும். படம் எடுக்குமுன் கேளுங்கள். வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிடுங்கள்.

திரும்பும் வழியில் தெயோதித்லான் என்ற நெசவு கிராமம். கள்ளியில் வாழும் பூச்சியை நசுக்கிச் சிவப்புச் சாயம் எடுப்பதைக் காட்டுவார்கள். தறியில் ஒரு கம்பளத்துக்கு வாரக்கணக்கில் உழைப்பு போகிறது; அங்கே பேரம் பேசாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நேரமிருந்தால் தூலேயின் பெருமரத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

மொன்தே அல்பானுக்குக் காலையிலேயே போங்கள், நிழல் கிடையாது. மலையுச்சியைச் சமன்செய்து சப்போத்தெக் மக்கள் கட்டிய நகரம், கி.மு. 500 வாக்கில் தொடங்கியது. 1932இல் தொல்லியலாளர் அல்ஃபோன்சோ காசோ அங்கே ஏழாம் கல்லறையில் எடுத்த தங்க நகைகள் ஊருக்குள் சாந்தோ தொமிங்கோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மலையைப் பார்த்த அன்றே அவற்றையும் பாருங்கள்.

இரவில் மரக்கரித் தணலில் சுட்ட த்லாயூதா. பெரிய சோள ரொட்டியில் பருப்புச் சாந்தும் நூல்நூலாகப் பிரியும் கெசீயோ சீஸும். சைவர்கள் 'சின் அசியேந்தோ' என்று சேர்த்துச் சொல்லுங்கள், ரொட்டியில் தடவும் பன்றிக்கொழுப்பு அது.

மலையிறங்கிக் கடலுக்கு

2024 பிப்ரவரியில் புதிய நெடுஞ்சாலை திறந்தபிறகு, ஆறேழு மணி நேரம் பிடித்த கடற்கரை ஊர் புவெர்த்தோ எஸ்கொந்தீதோவுக்கு மூன்று மணி நேரத்தில் வேனில் போய்விடலாம். ஆனாலும் போகும்போது பழைய மலைப்பாதையில் போங்கள், திரும்பும்போது புதிய சாலை. பழைய பாதையில் சான் ஹொசே தெல் பசிஃபிகோ என்ற மேகம் தொடும் ஊரில் ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் பொச்சூத்லாவுக்கு இறங்கலாம். வளைவுகள் கடுமை. வாந்தி வருகிறவர்கள் மாத்திரையை அரைமணி முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

பொச்சூத்லாவில் வேண்டிய பணத்தை எடுத்துவிடுங்கள், கடற்கரைச் சிற்றூர்களில் ஏடிஎம் குறைவு. இயந்திரம் தன் மாற்று விகிதத்தை ஏற்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள், உங்கள் வங்கியின் விகிதமே நல்லது. அங்கிருந்து பின்னால் பெஞ்சு போட்ட கூரை வண்டிகள் கடற்கரை ஊர்களுக்கு ஓடுகின்றன.

மசுன்தேயில் தங்குங்கள். முன்பு ஆமை இறைச்சியையும் தோலையும் நம்பிப் பிழைத்த கரை இது. 1990இல் ஆமை வேட்டைக்கு நாடெங்கும் தடை வந்தது, 1994இல் ஊரிலேயே ஆமை மையம் திறந்தார்கள். பக்கத்து எஸ்கொபீயாவில் ஆயிரமாயிரமாகக் கரையேறி முட்டையிடும் ஆமை, சென்னைக் கரைக்கு வரும் அதே பங்குனி ஆமை இனம்தான். குஞ்சு விடும் நிகழ்ச்சிக்குப் போனால் வெறுங்கையால் தொடாதீர்கள், ஃப்ளாஷ் போடாதீர்கள். தொடச் சொல்லும் ஆளிடம் பணம் கொடுக்காதீர்கள்.

இந்தக் கடல் அழகானது, ஆபத்தானதும்கூட. சிப்போலித்தேயில் இழுவை கடுமை. அங்கே நிர்வாணக் குளியல் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது என்பதையும் குடும்பத்தோடு போகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். புவெர்த்தோ எஸ்கொந்தீதோவின் சிக்கதேலா உலகப்புகழ் பெற்ற அலைச்சறுக்குக் கரை. நீந்தத் தெரிந்தவர்களும் அங்கே இறங்கக் கூடாது, கரையில் உட்கார்ந்து பாருங்கள். குளிக்க கர்ரிசலீயோ, நீண்ட படிக்கட்டு இறங்கிப் போக வேண்டிய சிறு வளைகுடா. சிவப்புக் கொடி பறந்தால் கணுக்கால் நீரோடு நின்றுவிடுங்கள். அமாவாசையை ஒட்டிய இரவுகளில் மனியல்தெபெக் காயலுக்குப் படகில் போனால், கை அளையும் இடமெல்லாம் நீர் நீலமாக ஒளிரும். நிலா இருந்தால் அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

தலைநகருக்குத் திரும்ப புவெர்த்தோ எஸ்கொந்தீதோவிலிருந்து விமானமும் உண்டு. வாங்கி வர வேண்டியவை காய்ந்த மிளகாயும் வஹாக்கா சாக்லேட்டும் மோலே பசையும். சந்தையில் எடை போட்டு, கேட்டால் காற்று நீக்கிப் பையிலடைத்துத் தருவார்கள். பசையைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். அடியில் போகும் பெட்டியில், இரண்டு உறை போட்டு வையுங்கள்.