பழைய சிறு உழவு இயந்திரத்துக்கு ஏற்ற புல்வெட்டி

மாரி மழை ஓய்ந்து வெயில் நிலைக்கும்போது வரம்புகளிலும் தரிசுக் காணிகளிலும் கினிப்புல் மண்டி நிற்கும். பூ வரத் தொடங்கும் பருவத்தில் அதனை அறுத்து உலர்த்தி வைப்பின், கோடையில் வைக்கோலையே நம்பியிருக்கும் மாடுகளுக்குப் பேருதவியாகும். ஆகவே, பழைய மசி பேர்குசன் வைத்திருக்கும் கமக்காரர் அதிற் பூட்டும் புல்வெட்டி ஒன்றை வாங்க விரும்புவது இயல்பே.

1946 முதல் 1956 வரை செய்யப்பட்ட சாம்பல் நிறப் பேர்குசன் 20 இனத்தின் வலு ஏறத்தாழ 28 பரிவலுவே. பின்வந்த 35 இனம் புதிதில் 35 முதல் 37 பரிவலு வரை கொண்டிருந்தது. இன்று தேய்ந்த எஞ்சினில் அவ்வளவையும் எதிர்பார்த்தல் கூடாது. "இழுக்கும்" என்பார் விற்பவர். இழுப்பது வேறு, சுழற்றுவது வேறு.

இரட்டை உருளை வெட்டி விரைவாக வெட்டும். அடர்ந்த புல்லிலும் அடைபடாது. ஆயினும் 5½ அடி அகலமுள்ளது 300 கிலோவுக்கு மேல் நிறையுடன் ஒரு பக்கமாய்த் தொங்கும். அதனினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. ஒற்றைக் கிளச்சுள்ள பழைய இயந்திரத்தில் கிளச்சை மிதித்தால் எஞ்சின் மட்டுமே விடுபடும். பின்புற வலுத்தண்டும் சில்லுகளும் கியர்ப் பெட்டி வழியே இணைந்தே இருக்கும். வேகமாய்ச் சுழலும் உருளைகள் இயந்திரத்தை முன்னே தள்ளும். வாய்க்காற் கரையில் இது உயிராபத்து. ஒருவழிக் கிளச்சு ஒன்றை வலுத்தண்டிற் பூட்டாமல் இவ்வகையை ஓட்டவே கூடாது.

எனவே, முக்கோணக் கத்திகள் பக்கவாட்டில் ஓடும் 5 அடிச் சட்டவெட்டியே இவ்வியந்திரங்களுக்குப் பொருத்தமானது. அதற்கு 10 பரிவலு போதும். புல் அடைத்தால், கிளச்சை மிதித்து, கியரை நடுநிலைக்குக் கொணர்ந்து, கிளச்சை விடுக. கத்தி ஓடித் தானே துப்புரவாகும். பின்னர் தாழ்ந்த கியரில் மெல்லச் செல்க. 35 இனத்திற் சிலவற்றில் இரட்டைக் கிளச்சு உண்டு: மிதியைப் பாதி அழுத்தினாற் சில்லு நிற்கும், வலுத்தண்டு சுழன்றுகொண்டிருக்கும். அத்தகையது கிடைத்தால் வேலை மிக இலகு.

வலுத்தண்டின் விட்டத்தை அளந்த பின்னரே விலை பேசுக. 20 இனத்துக்கு 1⅛ அங்குலம். இன்றைய வெட்டிகளோ 1⅜ அங்குலத்துக்கு அமைந்தவை, இணைப்புத்துண்டு வேண்டும். பம்பலப்பிட்டியிலிருந்து ஊர்க்காணியை நடத்துவோர், படத்தைப் பார்த்து வாங்காமல், இயந்திரம் நிற்கும் இடத்தில் அளவெடுப்பித்து வாங்குக.

பழைய சட்டவெட்டியாயின், கையாற் சுழற்றிப் பாருங்கள். ஓட்டத்தின் இரு முனைகளிலும் கத்தி, காப்புவிரலின் நடுவில் வந்து நிற்கவேண்டும். சட்டத்தின் வெளிமுனை உள்முனையைவிட 1¼ அங்குலம் முன்னிற்றல் வேண்டும். வெட்டும்போது அது பின்தள்ளப்படும். கத்தித் துண்டுகள் அருகிலுள்ள பட்டினத்திற் கிடைக்குமா என்றும் விசாரியுங்கள். கல்லில் ஒருமுறை பட்டால் இரண்டு மூன்று போய்விடும்.

எஞ்சினை நிறுத்தாமற் கத்தியிற் கை வைக்காதீர்கள்.